போலந்து மாணவர் குறும்படங்கள்: விளக்கைப் போட்டதும் வரும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் பார்க்கிற கூட்டம் எங்களுடையது. பத்துப் பேர் வருவார்கள், மழைக்காலத்தில் நாலு பேர். போலந்தின் வூச் நகரத் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் 1950, 60களில் எடுத்த குறும்படங்களை அங்கே பலமுறை போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட இதே கேள்விகள்தான். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளை எழுதி, நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் சீர்செய்து இங்கே தருகிறேன்.

எந்தெந்தப் படம்? மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

வழக்கமாகப் போடுவது, பின்னாளில் பெரிய இயக்குநர்களான இரண்டு பேரின் நாலு படங்கள். ரோமன் போலான்ஸ்கியின் 'இரண்டு மனிதர்களும் ஒரு அலமாரியும்' (1958, 15 நிமிடம்), அவருடைய 'தேவதைகள் விழும்போது' (1959, சுமார் 20 நிமிடம்). அப்புறம் கீஸ்லோவ்ஸ்கியின் 'டிராம்', 'அலுவலகம்'. இரண்டும் 1966, ஆளுக்கு ஆறு நிமிடம் போல. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சுதான் இரண்டு மணி நேரம் போகும்.

முதல் படத்தில் வருவது கண்ணாடி பதித்த பெரிய மர அலமாரி. எங்கள் கூட்டத்தில் யாரும் அதை அலமாரி என்று சொல்வதில்லை, பீரோதான். இனிமேல் இங்கேயும் அது 'பீரோ படம்'.

ஊர் பேரு லோட்ஸா, லோட்ஜா? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி எழுதறாங்களே?

ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்தால் அப்படித்தான் வரும். போலந்துக்காரர்கள் 'வூச்' என்கிறார்கள். முதல் எழுத்தின் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது, அது ல் ஒலியை வ ஆக்கிவிடுகிறது. சொல்லுக்குப் பொருள் படகு. நகரச் சின்னத்திலும் படகுதான். ஆனால் படகு விடுகிற மாதிரி பெரிய ஆறு எதுவும் அந்த ஊரில் கிடையாது. இருக்கிற சிற்றாறுகளிலும் பாதி தெருவுக்கு அடியில் மூடிய கால்வாயாக ஓடுகின்றன.

கீஸ்லோவ்ஸ்கி பெயரும் அவர்கள் வாயில் கெஷ்லொஃப்ஸ்கி போல ஒலிக்கும். தமிழில் கீஸ்லோவ்ஸ்கி என்று பழகிவிட்டது. அதை மாற்றி யாரையும் குழப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தலைநகரம் வார்சா இருக்கும்போது பஞ்சாலை ஊர்ல எதுக்கு சினிமா காலேஜ்?

1944இல் தங்களை எதிர்த்து வார்சா மக்கள் நடத்திய எழுச்சியை அடக்கிய பிறகு ஜெர்மானியப் படை வார்சாவைத் தெருத்தெருவாக இடித்துத் தள்ளியது. போர் முடிந்தபோது அங்கே உட்கார இடமில்லை. வூச் நகரத்தின் கட்டடங்கள் பெரும்பாலும் தப்பியிருந்தன, அதனால் எழுத்தாளர், நடிகர், சினிமாக்காரர் எல்லாரும் அங்கே போனார்கள். படப்பிடிப்புத் தளமும் அங்கேயே எழுந்தது. 1948இல் கல்லூரி தொடங்கியது. வார்சாவைக் கட்டி முடித்ததும் தலைநகருக்கே மாற்றிவிடலாம் என்ற பேச்சு இருந்தது, மாற்றவில்லை.

கல்லூரி இருப்பது டர்கோவா தெருவில், ஆஸ்கர் கோன் என்ற பஞ்சாலை முதலாளியின் மாளிகையில். அங்கே ஒரு மரப் படிக்கட்டு ரொம்பப் பிரபலம். திரையிடல் அறைக்குப் போகிற வழி என்பதால் மாணவர்கள் அந்தப் படிகளில்தான் உட்கார்ந்து, பார்த்த படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்களாம். நம்ம மொட்டை மாடிப் படிக்கட்டுக்கும் அந்த யோகம் கொஞ்சம் உண்டு.

மாணவர் படம்னா பரீட்சைக்கு எடுத்ததுதானே? அதை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் பார்க்கணும்?

ஆமாம், பயிற்சிக்கு எடுத்தவைதான். போலிஷில் இதற்கு 'எத்யூதா' என்று பெயர். பியானோ கற்பவர்கள் விரல் பழக வாசிக்கிற சின்ன உருப்படிக்கும் ஐரோப்பாவில் அதே சொல்தான். நம்முடைய கர்நாடக சங்கீதத்தில் வர்ணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பாடம் பழகுவதற்குப் பாடுவது, ஆனால் நல்ல வித்வான் பாடினால் அதுவே கச்சேரி.

ஒரு வருடம் சத்தமில்லாத படம், இன்னொரு வருடம் ஆவணப்படம், கடைசியில் டிப்ளமா படம் என்று படிப்படியாகப் போகும். வசதியில் அந்தக் கல்லூரி குறை வைக்கவில்லை. மாணவர்களே 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்தார்கள், அதாவது தியேட்டரில் ஓடும் அதே பிலிம். ஒளிப்பதிவு படிப்பவன் கேமரா பிடிப்பான், கூடப் படிப்பவர்கள் நடிப்பார்கள். 1966இல் வேறொரு மாணவர் எடுத்த 'முகம்' என்ற குறும்படத்தில் ஓவியராக நடித்திருப்பவர் கீஸ்லோவ்ஸ்கி.

'டிராம்' ஓடும்போது சத்தமே வரலையே. ஸ்பீக்கர் கோளாறா, பிரிண்ட் கோளாறா?

இரண்டும் இல்லை. அந்தப் படத்துக்கு ஒலியே கிடையாது, இசைகூட இல்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது எழுந்து ஒயரை ஆட்டிப் பார்க்கிறார்கள், அதனால் இப்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போன பதிலில் சொன்ன அந்தச் சத்தமில்லாத பாடம்தான் இது. வசனத்தைப் பிடுங்கிக்கொண்டால் மாணவனுக்கு வேறு வழியில்லை. யார் எங்கே நிற்கிறார், யாரை எப்போது பார்க்கிறார், கேமரா எவ்வளவு தள்ளி இருக்கிறது, இதை வைத்துத்தான் கதை சொல்லியாக வேண்டும். பீரோ படத்தில் இசையும் ஓசையும் உண்டு, பேச்சு மட்டும் இல்லை. போலான்ஸ்கியின் மாணவப் படங்கள் அநேகமாக எல்லாமே அப்படித்தான். 'அலுவலகம்' இதற்கு நேர் எதிர், அதில் பேச்சுதான் படம். அதைக் கீழே பார்ப்போம்.

எல்லாமே கறுப்பு வெள்ளைதானா?

'தேவதைகள் விழும்போது' பாதி வண்ணம். நகரத்தின் பொதுக் கழிப்பறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு கிழவியைப் பற்றிய படம். நிகழ்காலம் கறுப்பு வெள்ளையில் வரும், அவள் நினைவில் ஓடும் இளமைக்காலம் வண்ணத்தில் வரும். பழைய ஞாபகம் என்றால் கறுப்பு வெள்ளை என்று பழகிய கண்ணுக்கு முதலில் இடறும். எனக்கு இந்தப் படம் கொஞ்சம் நீளம், அலங்காரமும் அதிகம். அந்தக் கழிப்பறைக் காட்சிகளுக்காகப் பார்க்கலாம்.

சரி, அந்த பீரோ எதுக்குக் குறியீடு? கம்யூனிசமா, யூதர்களா, கலையா?

இந்தக் கேள்வி வராத ஞாயிறே கிடையாது. முதலில் படத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இரண்டு ஆட்கள் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு கடலிலிருந்து வெளியே வருகிறார்கள். கரையில் ஒரு ஆட்டம் போடுகிறார்கள். ஊருக்குள் போகிறார்கள். டிராமில் ஏற முடியவில்லை. ஒரு பெண்ணிடம் சிரித்துப் பார்க்கிறார்கள், அவள் போய்விடுகிறாள். ஓட்டலில் இடமில்லை, தங்கும் விடுதியிலும் இடமில்லை. ரவுடிகளிடம் அடி, காவல்காரனிடம் அடி. கடைசியில் பீரோவோடு கடலுக்கே திரும்புகிறார்கள். இவர்கள் கடந்துபோகும்போது பின்னால் ஒருவன் பாக்கெட் அடிக்கிறான், ஓரமாக ஒரு கொலை நடக்கிறது. அதையெல்லாம் யாரும் தடுப்பதில்லை. பீரோ தூக்கியவர்களுக்குத்தான் எல்லா இடத்திலும் தடை.

இதில் எந்தப் பொருளைப் பொருத்தினாலும் பாதி பொருந்தும். போலான்ஸ்கி சிறுவயதில் கிராக்கோ நகரத்தில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியில் அடைபட்டிருந்தவர், தாயை ஆஷ்விட்ஸ் கொலை முகாமில் இழந்தவர். துரத்தப்படுகிறவர்களைப் பற்றிய படம் என்று அதை வைத்து ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் குறியீட்டைக் கண்டுபிடித்த நிமிடமே நம் ஆட்கள் படத்தைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். விடுகதைக்கு விடை சொல்லியாயிற்று, கிளம்பலாம் என்பது போல.

அதனால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: பீரோவில் ஏன் கண்ணாடி இருக்கிறது? பீரோவைப் படுக்கவைத்து, கண்ணாடி மேல் ஒரு மீனை வைத்துச் சாப்பிட உட்காருகிறார்கள். கண்ணாடியில் வானம் தெரிகிறது, மீன் மேகத்துக்குள் மிதக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து மடக்க ரவுடிகள் பதுங்கி வருகிறார்கள். இவர்கள் பீரோவோடு எதிரே வருகிறார்கள். அவள் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க வந்தவள், தனக்குப் பின்னால் நிற்பவனைப் பார்த்துவிட்டுத் தப்பிப் போகிறாள். அந்தக் கோபத்தில்தான் அடி விழுகிறது, கண்ணாடி உடைகிறது. ஆக, பீரோ ஊராருக்கு இடைஞ்சல், ஆனால் அதில் எட்டிப் பார்த்த ஒருத்திக்கு உயிர்ப்பிச்சை. இவ்வளவு வேலை செய்கிற பொருளை ஒரே சொல்லில் அடைக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் ஒரு சின்னப் பையன் மணல்ல ஏதோ பண்றானே, அது என்ன?

சின்ன வாளியில் மணலை அமுக்கிக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கரை முழுக்க அடுக்கிவைத்திருக்கிறான். நம் பிள்ளைகள் சிரட்டையில் மணல் இட்லி சுடுவது மாதிரிதான். அடிபட்டு, கண்ணாடி உடைந்து திரும்பி வரும் இரண்டு பேரும், அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு, ஒரு இட்லியைக்கூட மிதிக்காமல் கால் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். நான் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன், அந்த இடத்தில் இன்னும் தொண்டை அடைக்கிறது.

பீரோ படத்துக்கு அந்த ஜாஸ் மியூசிக் போட்டவர் டாக்டராமே?

ஆமாம், காது மூக்கு தொண்டை மருத்துவர். இயற்பெயர் க்ஷிஷ்டோஃப் ட்ஷின்ஸ்கி. ஆஸ்பத்திரியில் தெரிந்தால் வம்பு என்று மேடைக்குக் கோமெடா என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். ஸ்டாலின் காலத்தில் ஜாஸ் என்றால் அமெரிக்கச் சீரழிவு என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள். 1956க்குப் பிறகுதான் அது வெளிச்சத்துக்கு வந்தது. பீரோ படம்தான் அவர் இசையமைத்த முதல் படம். பிறகு ஹாலிவுட்டில் போலான்ஸ்கியின் 'ரோஸ்மேரியின் குழந்தை'க்கு இசையமைத்தார். 1969இல், நாற்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார்.

'டிராம்'ல கதையே இல்லையே? ஏறினான், பார்த்தான், இறங்கினான், அவ்வளவுதானே?

அவ்வளவுதான். ராத்திரி ஒரு விருந்திலிருந்து கிளம்பும் இளைஞன் ஓடிப்போய் டிராமைப் பிடிக்கிறான். உள்ளே ஒரு பெண். பார்வை, சிரிப்பு. அப்புறம் அவள் தூங்கிவிடுகிறாள். அவன் நிறுத்தம் வருகிறது, இறங்குகிறான். டிராம் நகர்ந்ததும் என்ன தோன்றியதோ, அதன் பின்னால் ஓடுகிறான். 'இன்னும் ஒரு நிறுத்தம் போயிருக்கலாமோ' என்று நாம் பஸ்ஸில் நினைத்ததை ஒருவன் ஆறு நிமிடத்தில் எடுத்துவிட்டான் என்பேன். பிற்காலத்தில் கீஸ்லோவ்ஸ்கி எடுத்த 'குருட்டு வாய்ப்பு' முழுநீளப் படத்தில் ஒருவன் ரயிலுக்குப் பின்னால் ஓடுவான். பிடித்தால் ஒரு வாழ்க்கை, விட்டால் வேறொரு வாழ்க்கை என்று மூன்று முறை ஓடுவான். அந்த ஓட்டம் இங்கேயே ஆரம்பித்துவிட்டது.

டிராம் பற்றி ஒரு கிளைக்கதை. கீஸ்லோவ்ஸ்கிக்கு இந்தக் கல்லூரியில் இரண்டு தடவை இடம் கிடைக்கவில்லை, மூன்றாவது தடவைதான் கிடைத்தது. நேர்முகத்தில் "வெகுஜனத் தொடர்புச் சாதனங்கள் எவை?" என்று கேட்டிருக்கிறார்கள். பத்திரிகை, ரேடியோ, சினிமா என்று சொல்லியிருக்க வேண்டும். போலிஷில் தொடர்புக்கான சொல்லும் போக்குவரத்துக்கான சொல்லும் ஒன்றே. இவர் "டிராம், பஸ், விமானம்" என்று அடுக்கியிருக்கிறார். பேராசிரியரோ, பையன் கேள்வியைக் கிண்டல் செய்கிறான் என்று ரசித்தாராம்.

தெரியாத பொண்ணை இப்படி வெறிச்சுப் பார்க்கறது இன்னிக்குத் தேதியில் தப்பில்லையா?

இதை முதலில் கேட்டது எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி. அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண்ணும் சிரிக்கிறாள் என்பது உண்மை. அவள் தூங்கிய பிறகு அவன் பார்ப்பதை அவள் அறியமாட்டாள் என்பதும் உண்மை. இரண்டாம் முறை பார்த்தபோது, கேமரா பெரும்பாலும் அவன் பக்கமே நிற்பது எனக்கும் உறுத்தியது. அவளுடைய டிராம் பயணம் எப்படி இருந்தது என்பது படத்தில் இல்லை. இந்தக் கேள்விக்கு என்னிடம் இதற்குமேல் பதில் இல்லை, ஆனால் கேள்வி சரியானது.

'அலுவலகம்' நிஜ ஆபீஸா, செட்டா?

நிஜம். அரசுக் காப்பீட்டு அலுவலகத்தின் ஓய்வூதிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வரிசையில் வயதானவர்கள், உள்ளே முத்திரை, பென்சில் சீவல், டீ, கட்டுக்கட்டாகக் கோப்பு. அந்தத் தாள் இல்லை, இந்தச் சான்று இல்லை, போய்க் கொண்டுவா. நம் ஊர் ஆட்களுக்கு இந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்பட்டதே இல்லை. வரிசையைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒலியைக் கவனியுங்கள். பேசுகிற குரலும் திரையில் தெரியும் முகமும் ஒன்றோடொன்று பொருந்தாது. குரலைத் தனியாகப் பதிந்து படத்தின் மேல் போட்டிருக்கிறார் கீஸ்லோவ்ஸ்கி. அதனால் யார் பேசுகிறார் என்று தெரியாமல் ஜன்னலே பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது. முடிவில் கோப்புகள் அடுக்கிய அலமாரிகள் வரும். படிவத்திலுள்ள ஒரு கேள்வியை அந்தக் குரல் திரும்பத் திரும்பச் சொல்லும்: வாழ்நாள் முழுக்க என்னென்ன செய்தீர்கள், எழுதுங்கள். அதைக் கேட்டதும் சிரிப்புச் சத்தம் நின்றுவிடும். 1980இல் இதே மனிதர் 'பேசும் தலைகள்' என்ற ஆவணப்படத்தில், குழந்தையில் தொடங்கி நூறு வயதுப் பாட்டி வரை, நீங்கள் யார், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவார். படிவத்தின் கேள்வியை மனிதன் வாயால் கேட்டுப் பார்த்திருக்கிறார் என்று எனக்குப் படும்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில் இதையெல்லாம் எப்படி விட்டாங்க?

1956 அக்டோபரில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவராகக் கொமுல்கா ஆட்சிக்கு வந்ததும் கொஞ்ச காலம் பிடி தளர்ந்தது. பீரோ படம் அந்தக் காலத்துப் பிள்ளை. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் சோதனைப் படப் போட்டியில் அது வெண்கலம் வாங்கியது. மாணவர் படங்கள் பொதுவாகத் தியேட்டருக்கு வராதவை என்பதால் சென்சாரும் அவ்வளவு கெடுபிடி காட்டவில்லை. வெளியே காட்டாத மேற்கத்தியப் படங்களையும் மாணவர்களுக்குக் கல்லூரிக்குள் போட்டார்கள்.

இதற்கெல்லாம் குடை பிடித்தவர் கல்லூரித் தலைவர் ஜெர்ஸி டோப்லிட்ஸ் என்ற சினிமா வரலாற்றாசிரியர். 1968 மார்ச்சில் மாணவர் போராட்டத்தையும் யூத எதிர்ப்புப் பிரச்சாரத்தையும் சாக்காக வைத்து அவரை வெளியேற்றினார்கள். அவர் ஆஸ்திரேலியா போய், அங்கே தேசியத் திரைப்படக் கல்லூரியை நிறுவும் வேலையில் முதல் தலைவராக உட்கார்ந்தார். கீஸ்லோவ்ஸ்கி படித்து வெளிவந்ததும் அதே 1968இல்தான்.

போலான்ஸ்கி நிஜ ரவுடிகளை விட்டு அடிக்கவெச்சுப் படம் எடுத்தாராமே, உண்மையா?

உண்மை. 1957இல் 'விருந்தைக் கலைப்போம்' என்ற எட்டு நிமிடப் படம். பாடம், ஆவணப்படம். போலான்ஸ்கி மாணவர்களுக்கு ஒரு நடன விருந்து ஏற்பாடு செய்துவிட்டு, விருந்தினருக்குச் சொல்லாமல் உள்ளூர் அடாவடிப் பையன்களை உள்ளே ஏவிவிட்டார். அடிபட்டவர்களுக்கு நடந்தது நடிப்பு இல்லை. கல்லூரியிலிருந்து நீக்கும் அளவுக்குப் போய்த் தப்பினார். கெட்டிக்காரத்தனம் என்று சிலர் கைதட்டுகிறார்கள், எனக்கு அது அயோக்கியத்தனம்.

போலான்ஸ்கி மேல் அப்படி ஒரு வழக்கு இருக்கும்போது அவர் படத்தைப் போடலாமா?

1977இல் லாஸ் ஏஞ்சலிஸில் 13 வயதுச் சிறுமியோடு சட்டவிரோத உடலுறவு கொண்டதை அவர் ஒப்புக்கொண்டார். தண்டனை அறிவிக்கும் முன் 1978இல் நாட்டைவிட்டு ஓடினார், திரும்பவில்லை. நான் இதைத் திரையிடும் முன்பே சொல்லிவிடுகிறேன். எழுந்து போக விரும்புகிறவர்கள் போகலாம், ஒருமுறை இரண்டு பேர் போனார்கள், அடுத்த படத்துக்கு வந்தார்கள். படத்தை மறைப்பதும் சரியில்லை, மனிதரை மறைத்துப் படத்தைப் போடுவதும் சரியில்லை.

பரீட்சைக்குக் கொடுத்த பிலிமைச் சேர்த்துவெச்சு முழுப் படமே எடுத்த மாணவர் யாரு?

ஜெர்ஸி ஸ்கோலிமோவ்ஸ்கி. குத்துச்சண்டை பழகியவர், கவிஞர். ஒவ்வொரு வருடப் பயிற்சிக்கும் தனித்தனிக் குறும்படம் எடுக்காமல், ஒரே கதையின் துண்டு துண்டாக எடுத்துவந்தார். படிப்பு முடியும்போது ஒட்டிப் பார்த்தால் முழுநீளப் படம். 1964இல் 'அடையாளக் குறிகள் ஏதுமில்லை' என்று வெளிவந்தது. நாலு வருடமாகத் தனித்தனிப் பாடமாக எடுத்ததை ஒரே மனிதனின் ஒரே நாள் கதையாக்கியிருக்கிறார். போலான்ஸ்கியின் முதல் முழுநீளப் படமான 'நீரில் கத்தி'க்கு எழுத்தில் கைகொடுத்தவரும் இவர்தான்.

நானும் குறும்படம் எடுக்கறேன். இதையெல்லாம் பார்த்து என்ன கத்துக்கறது?

அனுப்பிவைக்கப்படும் குறும்படங்களில் பாதிக்கு மேல் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார். ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் படத்தின் ஒலியை அணைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்கு எது புரிகிறதோ அதுதான் நீங்கள் எடுத்தது, மிச்சம் நீங்கள் எழுதியது. பீரோ படத்தையும் 'டிராம்'மையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். கனமான ஒரு பொருளையோ நகர்கிற ஒரு வண்டியையோ எடுத்துக்கொண்டு, அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று கடைசி வரை தேடியிருக்கிறார்கள்.

எங்கே கிடைக்கும்? எந்த வரிசையில் பார்க்கறது?

போலான்ஸ்கியின் குறும்படங்கள் கிரைட்டீரியன் என்ற நிறுவனம் வெளியிட்ட 'நீரில் கத்தி' டிவிடியில் கூடுதலாக இருக்கின்றன. 'டிராம்' அதே நிறுவனம் வெளியிட்ட, கீஸ்லோவ்ஸ்கியின் 'மூன்று நிறங்கள்' படத் தொகுப்பில் இருக்கிறது.

வரிசை என்றால், முதலில் 'அலுவலகம்', கூட்டம் சிரித்து நெகிழும். அடுத்து பீரோ. தேவதைப் படத்துக்கு முன்னால் ஒரு டீ. 'டிராம்' கடைசி. அந்த ஆறு நிமிடமும் கீழ்வீட்டுக் குக்கர் விசில் கேட்கும், தெருவில் ஒரு பைக் போகும், பக்கத்தில் இருப்பவர் மூச்சுவிடுவதுகூடக் கேட்கும். ஒயரை மட்டும் யாரும் ஆட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.